வளைத்த இடமும் நிமிர்த்திய இடமும்



அரங்கத்துக்குள் நுழையும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாண் நீளச் செம்புக் கம்பியைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். 12 கேஜ் கம்பி. நேற்றுக் காலை எங்கள் பணிமனையில் செக்கச்செவேலென்று சிவக்கும்வரை சூடாக்கி ஆறவைத்தோம். இப்போது அதைக் கையில் எடுங்கள். நடுவில் இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து வளையுங்கள். வெண்ணெய் போல வளைகிறது அல்லவா? சரி, இனி அதே விரல்களால் பழையபடி நேராக நிமிர்த்துங்கள்.

நிமிரவில்லை. நடுவில் சின்னக் கூன் அப்படியே நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் புதிதாக இரண்டு வளைவுகள் வந்துவிட்டன. கம்பி நெளிந்து கிடக்கிறது.

வளைப்பதற்கு முன் அந்தக் கம்பியின் எந்த இடமும் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. வளைத்த ஒரு நொடியில் நடுப்பகுதி மட்டும் வேறொரு பொருளாகிவிட்டது. செம்பின் வேதியியலில் மாற்றம் இல்லை, எடையில் மாற்றம் இல்லை. ஆனாலும் அந்த இடம் கெட்டிப்பட்டுவிட்டது. நிமிர்த்தும்போது உங்கள் விரல் கொடுத்த விசை கெட்டியான நடுவை விட்டுவிட்டு, இன்னும் மென்மையாக இருக்கிற பக்கங்களைப் போய் வளைத்தது. இன்று மாலை நான் சொல்ல வந்தது எல்லாம் அந்தக் கூனுக்குள் இருக்கிறது.

எந்தத் திசையில் இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருளை ஐசோட்ராபிக் என்கிறோம். தமிழில் சமதிசைப் பொருள். மரம் அப்படிப்பட்டதல்ல. நார் போகும் போக்கில் ஒரு பலம், குறுக்கே ஒரு பலம். விறகு பிளக்கிறவர் கோடரியை எங்கே வைப்பது என்று பார்ப்பது இதனால்தான். எஃகும் செம்பும் சமதிசைப் பொருள்கள் என்று பாடநூலின் முதல் அத்தியாயம் சொல்கிறது. அது ஒரு சராசரி உண்மை. ஓர் இரும்புப் படிகத்தைத் தனியே எடுத்துச் சோதித்தால், ஒரு திசையில் இருக்கும் விறைப்பு மற்றொரு திசையில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கோடிக்கணக்கான நுண்படிகங்கள் திசைக்கொன்றாகக் கலந்து கிடப்பதால் மொத்தத்தில் திசைபேதம் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே சமதிசை என்பதைப் பொருளின் பிறவிக்குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்தப் பொருள் அப்போது இருக்கும் நிலை. இழுத்தால், வளைத்தால், முறுக்கினால் அந்த நிலை கலையும். எவ்வளவு கலையும், எது கலையும், எது கலையாமல் நிற்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் கலையாத பகுதியைப் பார்ப்போம். ராபர்ட் ஹூக் 1676இல் ஓர் எழுத்துப் புதிராக ஒளித்துவைத்து, 1678இல் விடையை அவிழ்த்த விதி நம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும்: விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு. வீட்டுக் கட்டுமானத்தில் பயன்படும் 12 மில்லிமீட்டர் மென்எஃகுக் கம்பி ஒன்றை, ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டித் தொங்கவிடுங்கள். அதன் அடியில் ஏறத்தாழ 2.9 டன் எடையைக் கட்டுங்கள். கம்பி 1.25 மில்லிமீட்டர் நீளும். எடையை எடுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஹூக் விதியின் ராஜ்ஜியம் அந்த 1.25 மில்லிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதே கம்பி அறுவதற்கு முன் 200 மில்லிமீட்டருக்கு மேலும் நீளக்கூடியது. நாம் மாணவர்களுக்கு மிக விரிவாகக் கற்பிப்பது அந்த முதல் ஒன்றேகால் மில்லிமீட்டரைத்தான். மிச்சத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறோம். இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

சமதிசைப் பொருளின் மீட்சிக் குணத்தைச் சொல்ல இரண்டே எண்கள் போதும். யங் குணகம் ஒன்று, பாய்சான் விகிதம் ஒன்று. விறைப்புக் குணகமும் பருமக் குணகமும் இவற்றிலிருந்து தாமே வந்துவிடும். இரண்டா, ஒன்றா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய வழக்கே நடந்தது. ஒன்றே போதும், இழுக்கும்போது ஏற்படும் பக்கச் சுருக்கம் எல்லாப் பொருளுக்கும் நீட்சியில் கால் பங்குதான் என்று பாய்சான் கணக்கிட்டார். ஜார்ஜ் கிரீன் ஆற்றலை வைத்து 1837இல் கணக்குப் போட்டு, இரண்டு எண்கள் வேண்டும் என்றார். அளந்து பார்த்ததில் கிரீன் பக்கம்தான் உண்மை இருந்தது. பாய்சான் விகிதம் எஃகுக்கு 0.3க்கு அருகில், ரப்பருக்கு 0.5ஐ ஒட்டி, தக்கைக்கு ஏறத்தாழ சுழியம்.

இனி எல்லையைத் தாண்டுவோம். கம்பி திரும்பி வராத நிலைக்குப் போகும் தருணத்தைப் பொறியாளர்கள் யீல்டு என்கிறார்கள். இளகு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின் வருவது மீளாத் திரிபு. பிளாஸ்டிக் என்ற சொல்லின் மூலப் பொருளும் இதுதான். குடமும் வாளியும் பின்னால் அந்தப் பெயரைத் தட்டிச் சென்றுவிட்டன.

ஒரு திசையில் மட்டும் இழுத்தால் இளகு புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே நேரத்தில் இழுத்து, முறுக்கி, பக்கவாட்டிலும் அழுத்தினால் எப்போது இளகும்? பாரிஸில் ஹென்றி திரெஸ்கா 1864இல் உலோகங்களைத் துளை வழியே பிதுக்கியும் அச்சில் குத்தியும் பார்த்து ஒரு விடை சொன்னார்: சறுக்குத் தகைவு, அதாவது பொருளைச் சறுக்கத் தள்ளும் விசை ஓரலகுப் பரப்புக்கு எவ்வளவு என்பது, ஓர் அளவைத் தொட்டதும் இளகும். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. பாய்சான், கோஷி, நேவியர் பெயர்களும் அங்கே உண்டு. தகடுகளின் மீட்சியதிர்வை ஆராய்ந்து 1816இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு பெற்ற சோஃபி ஜெர்மைன் பெயர் அந்த 72இல் இல்லை. அந்தக் கோபுரத்தின் கணக்குகளுக்கு மீட்சியியல் அடிப்படை என்பதால் அந்த விடுபடல் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

திரெஸ்காவின் விடையை விடச் செம்மையான ஒன்று பின்னால் வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தினால் உலோகம் இளகாது. ஆழ்கடலின் அடியில் கிடக்கும் இரும்புக் குண்டு நசுங்கிப் பரவிவிடுவதில்லை. கனஅளவை மாற்றும் பங்கைக் கழித்துவிட்டு, வடிவத்தை மாற்றும் ஆற்றலை மட்டும் எண்ணினால் போதும் என்பது அந்த விடை. உலகம் இதை மீசஸ் விதி என்கிறது. ரிச்சர்ட் ஃபான் மீசஸ் 1913இல் எழுதியது. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1904இல், லுவோவ் நகரத்திலிருந்து மாக்சிமிலியன் ஹூபர் என்பவர் இதே கருத்தை வெளியிட்டிருந்தார். போலிய மொழியில் எழுதினார். ஐரோப்பாவின் பெரிய மொழிக்காரர்கள் நெடுநாள் அதைப் பார்க்கவே இல்லை. தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று முடிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஹூபருக்கு அந்தக் கருத்து தம் மொழியில் சிந்தித்தபோதுதான் தோன்றியது. தம் ஊர்ப் பொறியாளர்களுக்கு அவர் அதை முதலில் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. படிக்காமல் விட்டவர்கள்மேல்தான் குறை.

திரெஸ்கா, மீசஸ் இருவர் விதிகளுக்கும் இடைவெளி அதிகபட்சம் 15 சதவீதம். வெறும் முறுக்கில் அந்த இடைவெளி முழுதாகத் தெரியும்: இழுவையில் இளகும் தகைவில் பாதியில் சறுக்கும் என்கிறார் திரெஸ்கா, 0.577 பங்கில் என்கிறது மீசஸ் விதி. கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி டெய்லரும் குவின்னியும் மெல்லிய உலோகக் குழாய்களை இழுத்துக்கொண்டே முறுக்கிப் பார்த்து 1931இல் எழுதினார்கள். செம்பும் அலுமினியமும் மென்எஃகும் மீசஸ் பக்கம் சாய்ந்தன.

அதே இருவர் 1934இல் செய்த இன்னொரு வேலையை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். கம்பியின் நடுவைப் பிடித்து முன்னும் பின்னுமாக வேகமாக ஏழெட்டு முறை வளைத்துவிட்டு, அந்த இடத்தை உடனே உதட்டில் வையுங்கள். சுடும். மீளாத் திரிபுக்கு நீங்கள் செலவழித்த உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது என்று அவர்கள் அளந்தார்கள். மென்எஃகை ஐந்தில் ஒரு பங்கு நீளும்வரை வேகமாக இழுத்தால் அது சுமார் 20 டிகிரி சூடேறும். மிச்சமிருக்கும் பத்தில் ஒரு பங்கு எங்கே போயிற்று? அதுதான் உலோகத்துக்குள் தங்கிவிட்டது. கூன் நிமிராமல் நிற்பது அந்தப் பங்கினால்.

உள்ளே என்ன தங்கியது என்பதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மொத்தமாகச் சறுக்க வேண்டுமானால் எவ்வளவு தகைவு வேண்டும் என்று ஃபிரெங்கெல் 1926இல் கணக்கிட்டார். உண்மையான படிகங்கள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே சறுக்கின. கணக்கு தப்பா, உலோகம் தப்பா? 1934இல் டெய்லர், ஓரோவான், போலானி மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் இழுத்தால் நாலு பேர் வேண்டும். ஒரு ஓரத்தில் சிறு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மட்டும் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம்வரை போனால் ஒரே ஆள் போதும். படிகத்துக்குள் அந்த மடிப்பைப் போன்ற ஒரு கோட்டுக்குறை ஓடுகிறது. அதைப் பிறழ்வு என்போம். உலோகம் இளகுவது பிறழ்வுகள் ஓடுவதால்தான்.

ஓடும்போது அவை பெருகுகின்றன. பெருகப் பெருக ஒன்றின் பாதையில் ஒன்று குறுக்கிட்டு, நூல்கண்டு சிக்குப் பிடித்தது போல ஆகிவிடுகின்றன. சுட்டு மென்மையாக்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் அடங்கிய பிறழ்வுக் கோடுகளை எல்லாம் நீட்டி ஒட்டினால் 10 கிலோமீட்டர் வரும். கடுமையாக அடித்த அல்லது உருட்டிய உலோகத்தில் அதே கன சென்டிமீட்டருக்குள் அது ஒரு கோடி கிலோமீட்டர் வரை போகும். பூமிக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள தொலைவைப் போல இருபத்தைந்து மடங்கு நீளம், ஒரு சுண்டைக்காய் அளவு உலோகத்துக்குள். பிறழ்வுகளின் அடர்த்தி நூறு மடங்கானால் அவை தரும் பலம் பத்து மடங்காகும் என்ற வர்க்கமூல உறவும் டெய்லர் தந்ததுதான்.

இதைக் கன்னார்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல் அறிந்து வைத்திருந்தார்கள். செம்புத் தகட்டைத் தட்டித் தட்டிக் குழிவாக்கும்போது ஒரு கட்டத்தில் சுத்தியலின் ஓசை மாறும். தகடு இனி இறங்காது, மேலும் தட்டினால் விளிம்பு வெடிக்கும். உடனே உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி எடுப்பார்கள். தகடு மறுபடி மெத்தென்று ஆகிவிடும். சிக்குப் பிடித்த பழைய படிகங்களை விழுங்கிக்கொண்டு புதுப் படிகங்கள் முளைத்துவிட்டன என்று நாம் இன்று சொல்கிறோம். ஒரு குடத்துக்கு இப்படிப் பல தடவை உலைக்கும் பட்டடைக்கும் நடக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், உருமாற்றம் உலோகத்தை எல்லாத் திசையிலும் சமமாகக் கெட்டிப்படுத்துகிறது என்று தோன்றும். அப்படியிருந்தால் அது சமதிசைப் பொருளாகவே நீடித்திருக்கும், என் சொற்பொழிவும் இங்கேயே முடிந்திருக்கும். மியூனிக் தொழில்நுட்பப் பள்ளியின் யோஹான் பௌஷிங்கர் அதை அப்படி முடிய விடவில்லை.

பௌஷிங்கரிடம் கண்ணாடிகளைப் பொருத்திய ஒரு நீட்சிமானி இருந்தது. கம்பி நீளும்போது சிறு கண்ணாடி திரும்பும். அதில் படும் அளவுகோலின் பிம்பத்தைத் தொலைவிலிருந்து தொலைநோக்கியால் படிப்பார். கண்ணுக்குத் தெரியாத நீட்சி அங்கே பெரிதாகித் தெரியும். அந்தக் கருவியோடு அவர் 1880களில் ஒரு எளிய காரியம் செய்தார். எஃகுத் தண்டை இளகு புள்ளியைத் தாண்டி இழுத்தார். விடுவித்தார். பிறகு அதே தண்டை அழுத்தினார். இழுவையில் கெட்டிப்பட்ட அந்தத் தண்டு அழுத்தத்தில் பழையதை விடவும் சீக்கிரமாக இளகியது. ஒரு பக்கம் சேர்த்த பலத்தை மறுபக்கம் கடனாக எடுத்துக்கொண்டது போல.

காரணம் இன்று தெரியும். ஒரு திசையில் ஓடிய பிறழ்வுகள் தடைகளுக்கு முன்னே வரிசையில் முட்டி நிற்கின்றன. மேலும் முன்னே தள்ளக் கூடுதல் விசை வேண்டும். ஆனால் வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னால், முட்டி நெருக்கிய நெரிசலே அவற்றைப் பின்னால் உந்திவிடும். உங்கள் கம்பியை நிமிர்த்தத் தொடங்கியபோது கூனிலும் முதலில் ஒரு சிறு இணக்கம் இருந்தது. கவனித்தவர்களுக்கு அது விரலில் தெரிந்திருக்கும். அதன் பிறகுதான் பிடிவாதம்.

கணக்குப் போடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. தகைவுகளின் வெளியில் ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே இருந்தால் மீட்சி, கோட்டைத் தொட்டால் மீளாத் திரிபு. உருமாற்றத்தால் வட்டம் சமமாகப் பெரிதாகிறது என்று கொள்வது ஒரு முறை. வட்டம் பெரிதாகாமல் இழுத்த பக்கமாக நகர்ந்து போகிறது என்று கொள்வது இன்னொரு முறை. இதை 1950களில் வில்லியம் பிராகர் முன்வைத்தார். உண்மை உலோகத்தில் வட்டம் நகரவும் செய்கிறது, பெரிதாகவும் செய்கிறது, இழுத்த பக்கம் மூக்கு நீண்டு வடிவமும் கோணுகிறது. முதல் முறையை மட்டும் மென்பொருளில் தட்டிவிட்டு நிலநடுக்கத்தில் முன்னும் பின்னும் ஆடும் தூணைக் கணக்கிடும் மாணவர்களைப் பார்க்கிறேன். நிலநடுக்கம் ஒரு திசையில் மட்டும் தள்ளுவதில்லை. அந்தக் கணக்கில் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

சரி, மீட்சிக் குணம்? அது கலையவே இல்லையா? பெரும்பாலும் இல்லை. யங் குணகம் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பின் விறைப்பு. பிறழ்வுகள் எத்தனை கோடி கிலோமீட்டர் சிக்கினாலும் பெரும்பாலான பிணைப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் நுட்பமாக அளந்தால் ஒரு மாற்றம் உண்டு. உயர்பல எஃகுத் தகட்டை இழுத்துவிட்டு விடுவிக்கும்போது, அது திரும்பும் பாதையில் அளக்கும் விறைப்பு 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்து தெரியும். விடுவிக்கும்போதே சில பிறழ்வுகள் பின்வாங்கி, மீட்சியோடு மீட்சியாகக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புவதுதான் காரணம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்க் கதவை அச்சில் அழுத்துகிற பிரஸ் பிரிவுப் பொறியாளரைக் கேளுங்கள். அச்சைத் தூக்கியதும் தகடு எவ்வளவு பின்வாங்கும் என்பதை அவர் ஸ்பிரிங்பேக் என்பார். பாடநூல் குணகத்தை வைத்துக் கணக்கிட்டால் கதவு சட்டத்தில் பொருந்தாது.

திசைபேதம் வேண்டுமானால் நம் அடுக்களையிலேயே பார்க்கலாம். தகடாக உருட்டும்போதே படிகங்கள் உருளையின் போக்கில் சாய்ந்துவிடுகின்றன. அந்தத் தகட்டை வட்டமாக வெட்டி அச்சில் இழுத்துத் தம்ளர் ஆக்கினால் விளிம்பு சமமாக வராது. காது காதாக நாலு பக்கம் எழும்பி நிற்கும். அதை நறுக்கிவிட்டுத்தான் விளிம்பை மடிக்கிறார்கள். நிக்கல் சேர்ந்த நல்ல எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். அடித்தட்டில் ஒட்டாது. அதிகமாக இழுபட்ட மூலையிலும் பக்கச் சுவரிலும் லேசாகப் பிடிக்கும். அங்கே இழுபட்ட திரிபால் படிக அமைப்பே மாறி, காந்தத்துக்கு மசியும் வேறொரு எஃகாகியிருக்கிறது. அதே பாத்திரம், அதே தகடு.

இனி நான் நெருக்கமாக அறிந்த பொருளுக்கு வருகிறேன். இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீடு கட்டியிருந்தால் முறுக்குக் கம்பி என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1960களில் இந்தியாவுக்கு வந்த டார் ஸ்டீல் அது. ஆஸ்திரியாவில் பிறந்த முறை. வரிகள் ஓடும் மென்எஃகுக் கம்பியை எடுத்து, இரண்டு முனையையும் பற்றிக்கொண்டு, சூடாக்காமலே முறுக்குவார்கள். நேராக ஓடிய வரி திருகிக்கொண்டு ஓடும். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனில் இளகிய எஃகு, முறுக்கிய பிறகு 415க்குத் தாங்கும். ஒரு கிராம் கூட வேறு உலோகம் சேர்க்கவில்லை, உலை எரிக்கவில்லை. உருமாற்றத்தை மட்டுமே விற்ற பண்டம் அது. இரண்டு மூன்று தலைமுறை வீடுகளையும் பாலங்களையும் நீர்த்தொட்டிகளையும் நாம் அதை நம்பித்தான் கட்டினோம்.

விலை இல்லாமல் பலம் வருமா? மென்எஃகு 20 சதவீதத்துக்கு மேல் நீளும். 415 தரக் கம்பி 14.5 சதவீதம் நீண்டால் போதும் என்று இந்தியத் தர விதியே தளர்த்திக்கொள்கிறது. இளகு புள்ளி என்று தெளிவாகச் சுட்ட ஓர் இடமும் போய்விட்டது, 0.2 சதவீத மீளாத் திரிபு எங்கே வருகிறதோ அதை எல்லையாக வைத்துக்கொண்டோம். தவிர, முறுக்கும்போது திரிபு மேற்பரப்பில் அதிகம், மையத்தில் சுழியம். எனவே ஒரே கம்பிக்குள் வெளியே கெட்டி, உள்ளே மென்மை. உருமாறிய உலோகத்தில் தங்கிய அந்தப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் துருவுக்கும் வழிவிடும்.

பொறியியல் பட்டதாரிகள்கூடத் தப்பாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பலம் கூடிய கம்பி போட்டால் உத்தரம் குறைவாகத் தொய்யும் என்கிறார்கள். யங் குணகம் இரண்டு கம்பிக்கும் ஒன்றுதான்: சதுர மில்லிமீட்டருக்கு இரண்டு லட்சம் நியூட்டன். 415 தரக் கம்பியை அதன் பலத்துக்குத் தக்கபடி வேலை வாங்கினால், அது பழைய கம்பியை விட அதிகமாக நீளும். கான்கிரீட்டில் வெடிப்பு அகலமாகும், உத்தரம் கூடுதலாகத் தொய்யும். முறுக்கினால் பலம் ஏறியது, விறைப்பு ஏறவில்லை.

நான் படிப்பு முடித்துக் கட்டட வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், பணம் தடைப்பட்டு வேலை பல மாதம் நின்றுபோயிற்று. தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகள் நடமாட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கின்றன என்று யாரோ அவற்றைப் படுக்க வளைத்துவிட்டார்கள். வேலை மீண்டும் தொடங்கியதும் அவற்றை நிமிர்த்தச் சொன்னேன். கம்பி கட்டும் மேஸ்திரி அறுபது வயதுக்காரர். "வேணாம் தம்பி. முறுக்குன கம்பி அது, ஒரு தடவ வளைஞ்சிருச்சு. இனி அத நிமித்துனா நம்மள ஏமாத்திரும். வெட்டிட்டு வேற கம்பி கூட்டிக் கட்டுங்க" என்றார். "இல்லண்ணே, வரைபடத்துல இடம் இல்ல, நிமித்துங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நீளக் குழாயைக் கம்பியில் மாட்டி மெல்ல எழுப்பினார். மூன்று கம்பி நிமிர்ந்தது. நாலாவது, பாதி எழும்பியதும் பட்டென்று ஒடிந்தது. கரும்பு ஒடிந்த ஓசை. ஒடிந்த முகம் மினுமினுவென்று பொடிப்பொடியாக இருந்தது; இழுபட்டுக் கழுத்து மெலிந்த அடையாளமே இல்லை.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. முறுக்கியபோதே தன் நீளும் தெம்பில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்ட கம்பி. வளைத்தபோது வெளிப்புறத்தில் இன்னொரு பங்கு போயிற்று. பிறகு மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தபோது, எஃகில் கரைந்திருக்கும் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து பிறழ்வுகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவற்றை ஆணியடித்தது போல நிறுத்திவிட்டன. காட்ரெலும் பில்பியும் 1949இல் விளக்கிய இந்த முதிர்ச்சியால் பலம் சற்று ஏறும், நீளும் குணம் இறங்கும். நான் அதற்குப் பிறகுதான் எதிர்த்திசையில் நிமிர்த்தச் சொன்னேன். மீதி மூன்று கம்பிகளையும் அன்றே வெட்டி எடுத்துவிட்டோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வளைச்ச எடம் வேற, நிமித்துன எடம் வேற தம்பி" என்று மட்டும் சொன்னார். நாற்பது ஆண்டுகள் இந்தத் துறையைக் கற்பித்த பிறகும் இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று கடையில் கிடைப்பது டி.எம்.டி. கம்பி. சிவந்த சூட்டில் உருட்டி வெளிவரும்போதே தண்ணீரைப் பீய்ச்சி மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் சூடு அதைப் பக்குவப்படுத்துகிறது. அந்தப் பலம் முறுக்கினால் வந்ததல்ல. ஆனாலும் நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் அதற்கும் முறுக்குக் கம்பி என்றுதான் பெயர். பெயர் ஒட்டிக்கொண்டது.

பழைய முறுக்குக் கம்பிகள் எங்கும் போய்விடவில்லை. நாம் வாழும் ஆயிரக்கணக்கான வீடுகளின் தளத்துக்குள் இருக்கின்றன. அந்த வீடுகளில் தீப்பற்றினால், 450 டிகிரியைத் தாண்டிச் சூடேறிய முறுக்குக் கம்பி ஆறிய பிறகும் தன் பழைய பலத்துக்கு முழுதாகத் திரும்பாது. முறுக்கிச் சேர்த்ததைச் சூடு அவிழ்த்துவிடும். சூட்டில் உருட்டிய சாதாரணக் கம்பி 600 டிகிரி வரை போய்வந்தாலும் பெரிதும் தேறிவிடும். தீ விபத்துக்குப் பின் ஒரு கட்டடத்தைப் பார்வையிடுகிறவர், உள்ளே இருப்பது எந்தக் கம்பி என்று கான்கிரீட்டைக் கொத்திப் பார்க்காமல் சான்றிதழ் எழுதக் கூடாது. வரி திருகி ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு உளியும் சுத்தியலும் போதும்.

இங்கிருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய வீடுகளை நாள்தோறும் இடிக்கிறார்கள். முறுக்கிய கம்பிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. போகும் முன் ஒரு முழம் வெட்டி வாங்குங்கள். எந்த ஊர், எந்த வருட வீடு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தளத்தில் இருந்ததா தூணில் இருந்ததா என்று எழுதிக் கட்டுங்கள். இழுத்துப் பாருங்கள், அழுத்தியும் பாருங்கள். அழுத்திப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், பௌஷிங்கரின் கடன் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கமாக என் பங்குக்கு, இடித்துக் கட்டிய எங்கள் வீட்டிலிருந்து எடுத்த மூன்று துண்டுகளை மேடைக்கு வலப்புறம் மேசைமேல் வைத்திருக்கிறேன். துறையின் சோதனைக் கூடத்துக்கு அவை. இரண்டு துண்டு தூணில் இருந்தவை. மூன்றாவது அடுக்களை சன்ஷேடில் இருந்தது. அதன் ஒரு முனையில், அந்த மேஸ்திரி என் வீட்டுக்கு வந்து தம் கையால் வளைத்த கொக்கி அப்படியே இருக்கிறது. அந்த முனையை மட்டும் வெட்டாமல் சோதியுங்கள்.